கோல்ஃப் மட்டை: கையைக் கடிக்காம ஒரு வரலாறு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே.

கோல்ஃப்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தமிழ் சினிமாவில் வர்ற கதாநாயகியோட பணக்கார அப்பா. வெள்ளைத் தொப்பி, கையுறை சகிதம் புல்வெளியில் நின்னு ஒரு வீசு வீசுவார். பக்கத்துல செக்ரெட்டரி ஃபைலோட நிப்பார். பந்து எங்கே போய் விழுந்ததுன்னு கேமரா கடைசி வரைக்கும் காட்டாது. ஆக, கோல்ஃப் என்றால் பெரிய இடத்து சமாச்சாரம் என்பது நம்மூர் தீர்ப்பு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன மைதானங்களை வேலிக்கு வெளியே நின்னு பார்த்தவர்களுக்கு வேற எப்படித் தோணும்?

நான் முதுகலை படிக்க வந்திருக்கிற எடின்பரோவில் கதையே வேற. பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பிரண்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ்னு ஒரு திறந்தவெளி இருக்கு. கோடையில் அங்கே குட்டைக் குழி ஆட்டம் ஆடலாம். மொத்தம் 36 குழி. கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. மட்டையும் பந்தும் நம்ம கையில் இருந்தால் போதும். ஆபீஸ் முடிச்சு வர்றவங்க, ஸ்கூல் பசங்க, பேரனைக் கூட்டிவந்த தாத்தா எல்லாரும் தட்டிக்கிட்டு இருப்பாங்க.

இதைப் பார்த்துத்தான் எங்க வீட்டில் கூடத் தங்கியிருக்கிற தம்பி ஒருத்தனுக்கு ஆசை வந்தது. நேரா ஒரு கடைக்குப் போய், பதினாலு மட்டை, பை, உறை எல்லாம் சேர்த்து முன்னூறு பவுண்டுக்கு மேல் போட்ட ஒரு செட்டைத் தவணையில் எடுக்கப் பார்த்தான். "ஏன்க்கா, முழு செட் இல்லாம ஆட விடமாட்டாங்களாமே?" என்று என்னைக் கேட்டான். அவனுடைய ஒரு மாச வாடகையில் பெரும்பகுதி அது. கடைக்காரர் அப்படிச் சொன்னாரோ, இவனா அப்படிப் புரிஞ்சுக்கிட்டானோ தெரியாது. ஆனா கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது? நான் கொஞ்சம் நோண்டியதில் ஐநூறு வருசக் கதை ஒண்ணு கிடைச்சது. தம்பி தவணைக் கையெழுத்து போடவில்லை என்பதை இங்கேயே சொல்லிடறேன். இனி கதை.

ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பற்றிக் கிடைக்கிற முதல் எழுத்துச் சான்றே ஒரு தடைச் சட்டம்தான். 1457-இல் ரெண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம், பசங்க வில்வித்தைப் பயிற்சியை விட்டுட்டு கால்பந்தும் கோல்ஃபும் ஆடிக்கிட்டுத் திரியுறாங்கன்னு ரெண்டையும் தடை செய்தது. பெரிய மனுசங்க மட்டும் ஆடுற விளையாட்டுக்கு யாராவது சட்டம் போட்டுத் தடுப்பாங்களா? தெருவெல்லாம் ஆடியிருந்தால்தானே தடை வேணும்! இன்னும் வேடிக்கை, 1491-இல் அதே தடையைத் திரும்பப் போட்டது நாலாம் ஜேம்ஸ் காலத்தில். அதே ராஜா 1502-இல் பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் கோல்ஃப் மட்டை வாங்கியதாக அரண்மனைக் கணக்கில் இருக்கு. சட்டம் போட்டவரே முதல் கஸ்டமர்.

வில் செய்கிறவரிடம் ஏன் மட்டை? வளைஞ்சு கொடுக்கிற, ஆனா உடையாத மரம் யாருக்குத் தெரியுமோ அவர்தானே செய்ய முடியும். 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் அரசு மட்டை செய்பவராக நியமித்த வில்லியம் மேய்னும் வில் செய்கிறவர்தான்.

ஆனா அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் பையைக் காலி செய்தது மட்டை இல்லை, பந்து. தோலைத் தைத்து, உள்ளே ஒரு தொப்பி நிறைய இறகை நனைச்சுத் திணிச்சு, காய வச்சு எடுப்பாங்க. காயும்போது தோல் சுருங்கும், இறகு உப்பும், பந்து கல்லு மாதிரி ஆகும். கைதேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு மூணு நாலு பந்துக்கு மேல் செய்ய முடியாது. மழையில் நனைஞ்சால் தையல் விட்டுப் போகும் (ஸ்காட்லாந்தில் மழை இல்லாத நாள் எது?). இரும்பு மட்டை பட்டால் தோல் கிழியும். 1618-இல் ராஜா பந்து செய்யும் ஏகபோக உரிமையை ஜேம்ஸ் மெல்வில் என்பவருக்குக் கொடுத்தபோது, ஒரு பந்து நாலு ஷில்லிங்குக்கு மேல் விற்கக் கூடாதுன்னு நிபந்தனையும் போட்டார். கோல்ஃப் பந்து வாங்கியே நாட்டுத் தங்கமும் வெள்ளியும் வெளியே போகுதுன்னு அதில் புலம்பல் வேற. அன்றைக்கே அந்நியச் செலாவணிப் பிரச்னை!

அதற்காக ஏழைகள் ஆடவில்லைன்னு அர்த்தம் இல்லை. எடின்பரோவுக்கு வெளியே மஸல்பரோவில், 1811 புத்தாண்டுக்கு மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு கோல்ஃப் போட்டி வச்சாங்க. பரிசு ஒரு புது மீன்கூடை. பெண்களுக்கான கோல்ஃப் போட்டி பற்றி நமக்குத் தெரிகிற முதல் பதிவு இதுதான் என்கிறார்கள். எனக்கு இந்த மொத்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. தலையில் கூடை சுமந்து நடந்தே ஊர் ஊராக மீன் விற்ற பெண்கள் என்ன மட்டை வச்சு ஆடியிருப்பாங்க? பதினாலு இருந்திருக்காது, அது மட்டும் நிச்சயம்.

1848 வாக்கில்தான் ஆட்டம் தலைகீழா மாறுது. மாற்றியது நம்ம பக்கத்துச் சரக்கு. மலேயாக் காடுகளில் ஒரு மரத்துப் பாலிலிருந்து எடுக்கிற கட்டாபெர்ச்சா. (மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்கு 'கெத்தா' என்ற மலாய்ச் சொல் தெரிஞ்சிருக்கும், அதே பால்தான்.) வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், ஆறினால் கெட்டியாகும். கையால உருட்டினாலே பந்து. உடைஞ்சாலும் திரும்ப இளக்கி உருட்டிக்கலாம். இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பொதிந்திருந்த கட்டாபெர்ச்சாவைப் பார்த்துத்தான் ஒருவருக்கு இந்த யோசனை வந்ததுன்னு ஒரு கதை சொல்றாங்க. கர்ண பரம்பரைக் கதை, அப்படியே நம்ப வேண்டாம். பெருமாள் கோல்ஃபுக்கும் ஒரு கை கொடுத்தார்னு வச்சுக்குவோம்.

விலை ஒரு ஷில்லிங் அளவுக்கு இறங்கிடுச்சு. இறகுப் பந்தோ அதைப்போல ரெண்டு மூணு மடங்கு. உடனே என்ன நடந்திருக்கும்? பழைய கைகளுக்குக் கோபம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் என்றொரு பெரிய ஆட்டக்காரர். இறகுப் பந்து செய்வதுதான் அவர் பிழைப்பு. 1844-இல் மட்டும் அவர் பட்டறையில் 2,456 பந்து செஞ்சதாகக் கணக்கு. அவரிடம் வேலை பார்த்தவர் டாம் மோரிஸ். மோரிஸ் ஒரு நாள் மைதானத்தில் புதுப் பந்தால் ஆடியதைக் கேள்விப்பட்டு முதலாளி எகிற, ரெண்டு பேருக்கும் முறிஞ்சுது. மோரிஸ் பிரெஸ்ட்விக் போனார். அங்கேதான் 1860-இல் முதல் ஓபன் போட்டி நடந்தது. ராபர்ட்சனும் கடைசியில் புதுப் பந்துக்கு மாறி, 1858-இல் ஓல்ட் கோர்ஸில் 79 அடிச்சார். அதுக்கு முன்னாடி அங்கே 80-க்குக் கீழே யாரும் போனதில்லை.

பந்து மலிந்ததும் மட்டையும் மாறிச்சு. இறகுப் பந்து இரும்பைத் தாங்காது என்பதால் அதுவரை பெரும்பாலும் மரத் தலை மட்டைதான். புதுப் பந்து இரும்பு அடியைத் தாங்கும். அதனால் கருமார் பட்டறையில் அடிச்ச இரும்புத் தலைகள் பெருகின. இன்னொரு பக்கம், இந்தக் கெட்டிப் பந்து பட்டு நீண்ட மூக்கு வச்ச பழைய மரத் தலைகள் விரிசல் விட்டன. தலை குட்டையாச்சு, தடிமனாச்சு. பிடிக்கம்புக்கு அமெரிக்க ஹிக்கரி மரம் வந்தது.

இப்போ பதினாலுக்கு வருவோம். ஹிக்கரிக் கம்பு மரம்தானே. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும், முறுக்கும். ஒரு மட்டைக்கும் இன்னொன்றுக்கும் ஜாடையே இருக்காது. அதனால் ஆட்டக்காரன் கடைக்குப் போய் ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்து, கைக்கு ஒத்து வர்றதை மட்டும் எடுப்பான். காசு சேர்ந்தால் அடுத்த வருசம் இன்னொன்று. மட்டைகளுக்குப் பேர் கூட உண்டு: மேஷி, நிப்லிக், கிளீக், ஸ்பூன். நம்மூரில் மாட்டுக்குப் பேர் வைக்கிற மாதிரி. 1916-இல் சிக் எவான்ஸ் அமெரிக்க ஓபனை ஜெயிச்சது மொத்தம் ஏழே மட்டையால். எடுத்த அடிகள் 286. அந்தச் சாதனை இருபது வருசம் நின்றது.

1920-களின் நடுவில் அமெரிக்காவிலும், 1929-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ சார்பிலும் எஃகுக் குழாய்க் கம்புக்கு அனுமதி கிடைச்சது. எஃகுக்குத் தனிக் குணம் கிடையாது. ஆயிரம் செஞ்சாலும் ஆயிரமும் ஒண்ணுதான். மலிவு, நீடிக்கும், மழைக்குப் பயமில்லை. எல்லாம் நல்லதுதான். ஆனா எல்லாம் ஒரே மாதிரி வந்ததும் கம்பெனிக்காரன் பேரை எடுத்துட்டு நம்பர் போட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒன்பது வரைக்கும். நம்பர் போட்டால் என்ன ஆகும்? நாலும் ஆறும் இருந்து அஞ்சு இல்லைன்னா மனசு அடிச்சுக்கும்ல! (அமர் சித்ர கதையில் ஒரு இதழ் விட்டுப்போன பசங்களுக்குத் தெரியும் அந்த வேதனை.) ஒண்ணொண்ணா வாங்கின பொருள் 'செட்' ஆனது இப்படித்தான்.

1930-களில் இது பைத்தியமாகவே முத்திப் போச்சு. லாசன் லிட்டில் என்ற ஆட்டக்காரர் முப்பது மட்டை வரை பையில் திணிச்சுக்கிட்டு வருவாராம். பாவம், அவருடைய கேடி. (நம்மூர் கேடி இல்லை, இங்கே பை தூக்குபவருக்கு அதுதான் பேர்.) இதைக் கட்டுப்படுத்தத்தான் 1938-இல் அமெரிக்கச் சங்கமும் 1939-இல் ஆர் அண்ட் ஏவும் விதி கொண்டுவந்தாங்க: பதினாலுக்கு மேல் கூடாது.

நல்லா கவனிங்க, பதினாலுக்கு மேல் கூடாது. பதினாலு வேணும்னு எங்கேயும் இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் போட்டால், எல்லாரும் அத்தனை ஏக்கர் வாங்கியே ஆகணும்னா அர்த்தம்? பணக்காரன் சுமையைக் குறைக்க வந்த ஒரு எண்ணை, புதுசா வர்றவன் தலையில் கட்டுற எண்ணாக மாற்றியது வியாபாரம். எனக்கு இதில் எரிச்சல் உண்டு, மறைக்க விரும்பலை. பிரிட்டனில் ரொம்ப காலமாக 'அரை செட்' என்று ஒன்று விற்றுக்கொண்டு இருந்தாங்க. 3, 5, 7, 9 என்று ஒத்தைப்படை இரும்பு, மரம் ஒண்ணு, மணலில் இருந்து எடுக்க ஒண்ணு, உருட்டுகிற பட்டர் ஒண்ணு. புதுசா வர்றவனுக்கு அதுவே தாராளம்.

அதுக்கும் கீழே இறங்கி ஆடி வந்தவங்களும் உண்டு. 1913-இல் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடிச்சு அமெரிக்க ஓபனை எடுத்த இருபது வயசு பிரான்சிஸ் வீமெட், மைதானத்துக்கு எதிர் வீட்டுப் பையன், கேடியாக இருந்தவர். சின்ன வயசில் புதரில் தொலைஞ்ச பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்து, கடையில் கொடுத்துத்தான் அவங்க வீட்டுக்கு மட்டை வந்தது. ஸ்பெயினில் செவே பல்லெஸ்டெரோஸ், பழைய 3-ஆம் நம்பர் இரும்பு ஒண்ணை வச்சுக்கிட்டு பெத்ரேனா கடற்கரை மணலில் அடிச்சுப் பழகினார். தூரம், குட்டை, உயரம், மணல் எல்லாத்துக்கும் அதே ஒரு மட்டை. பிறகு 1979-இல் ஓபன் ஜெயிச்சார். ஒரே மட்டையால் எல்லாம் செய்யப் பழகினதால்தான் அவருக்கு அத்தனை கை வித்தை வந்ததுன்னு அவர் ஆட்டத்தைப் பற்றி எழுதுறவங்க சொல்றாங்க. எனக்கும் அது சரின்னுதான் படுது.

அடுத்தது, கும்பகோணத்துக்காரியான எனக்குத் தனிப் பெருமை தர்ற விஷயம். கார்ஸ்டன் சொல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், அப்பா செருப்புத் தைக்கிற தொழில். இவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியர். நாற்பது வயசுக்கு மேல்தான் கோல்ஃப் தொட்டார். பட்டர் சரியா உருட்ட வரலை. இன்ஜினியர் என்ன செய்வான்? தன்னைக் குறை சொல்லாம கருவியைப் பிரிச்சு மேஞ்சார். சர்க்கரைக் கட்டியையும் ஐஸ் குச்சியையும் ஒட்டி மாதிரி செஞ்சு பார்த்தாராம். 1959-இல் வீட்டுக் கார் கொட்டகையில் செஞ்ச பட்டர் பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் போட்டது. கம்பெனிப் பேர் அதுவே ஆச்சு.

அவர் யோசனை ரொம்ப எளிமை. எடையை நடுவில் வைக்காம ஓரத்துக்குத் தள்ளு. காவடித் தண்டை நினைச்சுப் பாருங்க. ரெண்டு முனையிலும் சொம்பு தொங்கும்போது தண்டைச் சட்டுன்னு திருப்ப முடியாது. அதே ரெண்டு சொம்பையும் நடுவில் கட்டினால் சுலபமாத் திரும்பும். மட்டைத் தலையிலும் அதே கதை. பின்பக்கம் குடைஞ்சு, எடையை விளிம்புக்குக் கொண்டு போனால், பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவா முறுக்கிக்காது. கத்துக்கிற நம்மை மாதிரி ஆளுக்கு பத்தில் எட்டு அடி ஓரத்தில்தானே படுது!

இப்படிக் குடைஞ்ச வடிவத்தைச் சம்மட்டியால் அடிச்சு எடுக்கிறது கஷ்டம். அதனால் 1960-களின் கடைசியில் அவர் வார்ப்புக்குப் போனார். எந்த வார்ப்பு? மெழுகில் உருவம் செய், மேலே பூச்சு கொடு, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்று, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்று. சாட்சாத் சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜர் வார்க்கிற முறை! அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் காவிரி வண்டல் மண்ணும். இங்கே தொழிற்சாலை மெழுகும் பீங்கான் பூச்சும். சுவாமிமலையில் ஒவ்வொரு மெழுகு உருவத்தையும் கையால் செதுக்குவாங்க, அதனால் ஒரு சிலை மாதிரி இன்னொண்ணு வராது. தொழிற்சாலையில் மெழுகையே அச்சில் ஊற்றி எடுக்கிறான், அதனால் ஆயிரமும் அச்சு அசல்.

பிங் மட்டை சல்லிசா விற்கப்படலை, அதையும் சொல்லணும். ஆனா வார்ப்பு முறை எல்லாருக்கும் பரவி, தைவானிலும் பிறகு சீனாவிலும் பட்டறைகள் பெருகினதும் விலை இறங்கிச்சு. பழைய மாதிரி அடிச்சு எடுத்த மெல்லிய தகடு மட்டைகள்தான் இன்னைக்கு விலை அதிகம். அதில் அடிக்கிறதும் கஷ்டம். பல விளையாட்டில் மலிவான கருவி கத்துக்கிறவனுக்கு எதிரி. மோசமான வயலினில் கத்துக்கிற குழந்தையைக் கேளுங்க. கோல்ஃபில் மட்டும் வார்ப்பில் வந்த மலிவான குடைஞ்ச முதுகு இரும்புதான் கத்துக்கிறவனுக்கு நண்பன். அன்றைக்கு கட்டாபெர்ச்சாவை முறைச்ச மாதிரியே இதையும் பழைய ஆட்கள் மண்வெட்டி என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

தூர அடிக்கான டிரைவர் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். 1979-இல் டெய்லர்மேட் கேரி ஆடம்ஸ் உலோகத் தலையைக் கொண்டுவந்தார். 1991-இல் காலவேயின் பிக் பெர்தா வந்து தலை வீங்க ஆரம்பிச்சது. 2004-இல் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாதுன்னு விதி வந்தது. தலை பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நமக்கு இதில் லாபம் என்னன்னா, பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முந்தின டிரைவரும் புதுசும் அதே எல்லைக் கோட்டுக்குள் நிற்கிறவைதான். விலை மட்டும் ஒண்ணு பவுனுக்கு, இன்னொண்ணு பித்தளைக்கு.

அப்போ தம்பி என்ன வாங்கினான்? ஒரு 7-ஆம் நம்பர் இரும்பு, ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். மூணும் பழசு. தரும ஸ்தாபனக் கடைகளில் வாசல் ஓரம் ஒரு தொட்டியில் குடை மாதிரி சொருகி வச்சிருப்பாங்க, ஒண்ணு சில பவுண்டுதான். மூணையும் சேர்த்து அவன் கொடுத்தது பதினாலு பவுண்டு. (பதினாலு எப்படியும் வந்து சேர்ந்துடுச்சு!) பிரண்ட்ஸ்ஃபீல்டில் ஆட வெட்ஜும் பட்டருமே போதும்.

பழசு பார்க்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். தலையைப் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, அசையக் கூடாது. கம்பில் துருப்புள்ளி ஆழமா இருந்தாலோ, வளைஞ்சிருந்தாலோ வேண்டாம். பின்பக்கம் குடைவு இருக்கான்னு பாருங்க, அடிப்பாகம் அகலமா இருந்தால் இன்னும் நல்லது. பிடி ரப்பர் காய்ஞ்சு வழுக்கினால் கவலை வேண்டாம், மாத்திக்கலாம், செலவு கம்மி. எஃகுக் கம்பு கனம், கார்பன் கம்பு லேசு. நான் அஞ்சடி ரெண்டங்குலம், எனக்கு லேசான கம்பு உள்ள பெண்கள் மட்டைதான் வசதி. அதையும் அதே தொட்டியில்தான் எடுத்தேன். இணையத்தில் பெரிய பிராண்ட் பேரில் புதுச் செட் அடிமாட்டு விலைக்குக் கிடைச்சால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம், பக்கத்திலேயே போகாதீங்க.

பந்துக்கு மட்டும் புதுசாக் காசு கொடுக்காதீங்க. மைதானத்துக் குளங்களில் விழுந்த பந்துகளை ஆள் இறங்கி அள்ளி, கழுவி, தரம் பிரிச்சு 'ஏரிப் பந்து'ன்னு மூட்டையா விற்கிறாங்க. எப்படியும் முதல் மாசம் பாதியைத் தொலைக்கத்தான் போறோம், அதுவும் ஏற்கெனவே யாரோ தொலைச்சதுதான்.